மூன்று வெள்ளி நீச்சல் குளமும், தலை மட்டும் வெளியே தெரியும் ஆவிப் பெட்டியும்

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. மலேசியாவின் தென் பேராக்கில், நாலு பக்கமும் செம்பனை சூழ்ந்த சின்னத் தோட்டப்பட்டணம், அவ்வளவு போதும். பெயரைச் சொன்னால் நீச்சல் குளத்து டிக்கெட் கவுண்டரில் இருக்கும் மக்சிக் (மலாய் ஆன்ட்டி) அடுத்த வாரம் என்னை உள்ளே விடமாட்டார், ஏனென்றால் நான் எழுதப் போவதில் பாதி அந்தக் கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் உடை மாற்றும் அறையைப் பற்றித்தான்.

எனக்கு வயது 46. தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்து ஆற்றில் குளித்து வளர்ந்தவள் என்று சொன்னால் நீச்சல் தெரியும் என்றே எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். தெரியாது. எங்கள் தோட்டத்தில் பையன்கள் பாலத்திலிருந்து குதிப்பார்கள். பெண்பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நின்று துணி அலசுவோம், இடுப்பளவுக்கு ஒரு எட்டு கூட வைத்தால் அம்மா கரையிலிருந்து ஊரைக் கூட்டுவார். நீச்சல் குளம் மேனேஜர் கிளப்பில் ஒன்று இருந்தது, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதன் நீலத்தைப் பார்த்திருக்கிறேன். போன வருஷம் முட்டி வலிக்காகப் போனபோது டாக்டர் "நடப்பதைக் குறைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்குங்கள்" என்று சொன்னதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் போனேன். எட்டு மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

முதலில் குளம். பெரியவர்களுக்கு 3 வெள்ளி (எங்கள் ஊரில் ரிங்கிட்டை வெள்ளி என்போம்), பிள்ளைகளுக்கு 1 வெள்ளி. 25 மீட்டர் நீளம், ஆறு லேன், கூரை கிடையாது, பக்கத்தில் பிள்ளைகளுக்குத் தனியாக முழங்கால் ஆழக் குளம். தண்ணீரைப் பொறுத்தவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆழமான பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தால் அடியில் இருக்கும் கறுப்புக் கோடு தெளிவாகத் தெரிகிறது, அது தெரியாத குளத்தில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் இறங்காதீர்கள், கீழே யாராவது மூழ்கிக் கிடந்தால்கூடப் பார்க்க முடியாது. இன்னொன்று, மூக்கைத் துளைக்கும் "குளோரின் வாடை" அடித்தால் நிறைய மருந்து போட்டுச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மை நேர்மாறு. வியர்வை, மூத்திரம், உடம்பு அழுக்கு இவற்றோடு குளோரின் கலந்து உண்டாகும் குளோரமைன்தான் அப்படி நாறுவது, கண் எரிவதும் பெரும்பாலும் அதனால்தான். எங்கள் குளத்தில் புதன், வியாழன் வாடையே இல்லை. ஞாயிறு மாலை போய்ப் பாருங்கள், அன்றைக்கு நூறு பிள்ளைகள் இறங்கி ஏறியிருக்கும், ஷவரில் உடம்பை நனைத்துவிட்டு இறங்கு என்று பலகை இருக்கிறது, படிக்கிற ஆள்தான் இல்லை. நம் ஆட்களுக்கு ஒரு தனி வேண்டுகோள்: சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நேராகக் குளத்துக்கு வராதீர்கள். சீயக்காய் போட்டு எண்ணெயை எடுத்துவிட்டு வாருங்கள், தண்ணீர் மேல் ரசத்தில் மிதக்கிற மாதிரி மிதக்கிறது.

உடை விஷயத்தில் கறாராக இருக்கிறார்கள். பருத்தி பனியன், ஜீன்ஸ் கால்சட்டை, கைலி எதுவும் கூடாது, நைலான் மாதிரித் துணியில் நீச்சல் உடைதான் வேண்டும். முதல் நாள் என்னைத் திருப்பி அனுப்பினார்கள், கோபம் வந்தது, அப்புறம் யோசித்தால் சரிதான், பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய் ஆளையே கீழே இழுக்கும், நூல் பிரிந்து வடிகட்டியில் போய் அடைக்கும். பெண்களுக்கு வழி சொல்கிறேன். மணிக்கட்டிலிருந்து கணுக்கால் வரை மூடுகிற நீச்சல் உடை பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் கிடைக்கிறது, மலாய்ப் பெண்களை மனத்தில் வைத்துத் தைத்தது, நான் 60 வெள்ளிக்கு வாங்கினேன். தலை மூடும் பகுதியைக் கழற்றி வைத்துவிட்டால் நமக்கும் பொருத்தம். என் வயதில் தொடை தெரிய ஊர்க்காரர்கள் முன்னால் நடக்கக் கூச்சப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடும் அக்காமார் எத்தனை பேர், அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இப்போது உடை மாற்றும் அறை. பெண்கள் பக்கத்தில் நாலு ஷவர், அதில் இரண்டில் தண்ணீர் வருகிறது, ஒன்றில் கதவு இருக்கிறது. அந்த ஒன்றும் தண்ணீர் வருகிற இரண்டில் ஒன்று இல்லை. ஆகவே இரண்டு பேராகப் போனால் ஒருவர் குளிக்க, மற்றவர் துண்டைத் திரைபோல் பிடிக்க வேண்டும். லாக்கர்களில் பாதிக்கு மேல் பூட்டு உடைந்தது, கைப்பையைக் குளத்து ஓரத்தில் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டு நீந்துகிறோம். தரை ஓடு பாசி பிடித்து வழுக்குகிறது, நான் ஒரு முறை உட்கார்ந்தே விட்டேன், முட்டி வலிக்கு வந்தவள் இடுப்பு வலியோடு வீட்டுக்குப் போனேன். எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து "கவனம், வழுக்கும்" என்று புதுப் பலகை ஒன்று மாட்டினார்கள். பலகை நன்றாக இருக்கிறது.

இடி இன்னொரு தலைவலி, ஆனால் அதற்கு யாரையும் நோக முடியாது. நம் பக்கத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வானம் கறுப்பதும் இடிப்பதும் அன்றாடக் கதை. இடிச் சத்தம் கேட்டதும் லைஃப்கார்ட் விசில் அடித்து எல்லாரையும் மேலே ஏற்றிவிடுவார், கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிஷம் போகாமல் இறங்கவிடமாட்டார். மிகச் சரி. டிக்கெட் காசு திரும்பக் கிடையாது, அதுதான் வயிறு எரிகிறது. காலை 9 மணிக்குப் போனால் இடிக்குப் பயமில்லை, வெயிலும் அவ்வளவாக ஏறியிருக்காது. வேலைக்குப் போகிற எனக்கு அது முடியாது, வானத்தைப் பார்த்துக்கொண்டே சாயங்காலம் போகிறேன்.

இங்கே நீச்சல் சொல்லிக்கொடுக்கும் சீன அங்கிள் ஒருவர் இருக்கிறார். தோட்டத்துக்குள் மளிகைக் கடை வைத்திருந்தவர் மகன், அதனால் நம்மைவிட நல்ல தோட்டத்துத் தமிழ் பேசுவார். கைகால் அடிக்கவே முதல் இரண்டு வாரம் விடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை வெளியே விடச் சொன்னார், அவ்வளவுதான் பாடம். "மூச்ச புடிச்சி வச்சிக்கிட்டா ஒடம்பு கல்லு மாரி ஆயிரும்மா, ஊது, ஊது, சோறு கொதிக்கிற மாரி குமிழி வரணும்." பயந்தவர்கள் தண்ணீருக்குள் மூச்சை அடக்குகிறார்கள், மேலே வரும் அரை நொடியில் வெளியே விடவும் உள்ளே இழுக்கவும் இரண்டுக்கும் நேரம் போதாமல் திணறுகிறார்கள், என் நாற்பது வருஷப் பயம் இந்த ஒரு சின்னக் கணக்கில்தான் இருந்திருக்கிறது. மணிக்கு 25 வெள்ளி வாங்குகிறார். எட்டு மாதத்தில் நான் செலவழித்ததில் இதைப் போல மதிப்பான காசு வேறில்லை.

அப்புறம் ஆவிக் குளியல். நீந்தி ஏறினால் தோள்பட்டை இரண்டும் இறுகிப்போகிறது, அதற்காகத்தான் ஆரம்பித்தேன். கடைத்தெருவில் தையல் கடைக்கு மேல்மாடியில் நம்மவர் ஒருவர் வைத்திருக்கும் பாரம்பரிய சிகிச்சை நிலையம், பெண்களுக்குப் பெண்களே பார்க்கிறார்கள். ஆவி மட்டும் 35 வெள்ளி, எண்ணெய் தேய்த்து ஆவி பிடித்தால் 90.

மரப்பெட்டி. உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார வைத்து இரண்டு கதவையும் மூடினால் கழுத்துக்கு மேல் மட்டும் ஒரு ஓட்டை வழியாக வெளியே நிற்கும். பக்கத்தில் கேஸ் அடுப்பில் பெரிய பிரஷர் குக்கர், விசில் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு ரப்பர் குழாய் பெட்டிக்குள் போகிறது. குக்கருக்குள் நொச்சி, வேப்பிலை, எலுமிச்சம்புல், ஆமணக்கு இலை. சிறுவயதில் சளி பிடித்தால் அம்மா பானையை முன்னால் வைத்துக் கம்பளியைப் போர்த்தி வேது பிடிக்க வைப்பாரே, அதுதான், கொஞ்சம் தச்சு வேலை சேர்ந்திருக்கிறது. சித்த மருத்துவத்தில் ஒற்றடம், தொக்கணம் (உடம்பைப் பிடித்துவிடுவது) என்று வரிசையாகச் சொல்லும் 32 புற மருந்துகளில் வேதுவும் ஒன்று. தலையை வெளியே விடுவதற்குக் காரணம் உண்டு, உடம்பு எவ்வளவு சூடேறினாலும் தலையும் கண்ணும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், நெற்றியில் ஈரத்துணி போட்டுவிடுகிறார்கள். சோனா என்று ஹோட்டல்களில் இருக்கிறதே, அது வறண்ட சூடு, 80 டிகிரிக்கு மேல் போகும். இது ஈரச் சூடு, நாற்பது ஐம்பது டிகிரிதான், ஆனால் காற்றே தண்ணீராக இருப்பதால் வியர்வை உலராது, உடம்பு ஆறாது, பத்து நிமிஷத்திலேயே போதும் போதும் என்றாகிவிடும்.

முதல் ஐந்து நிமிஷம் சொர்க்கம். ஆறாவது நிமிஷத்தில் மூக்கு அரித்தது. கை இரண்டும் பெட்டிக்குள். எதிரே தொலைக்காட்சியில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கிறது, மருமகள் அழுகிறாள், நான் என் மூக்குக்காக அழுகிறேன். "அக்கா, மூக்கு" என்றதும் உதவிக்கு இருந்த பெண் சிரித்துக்கொண்டே ஈரத்துணியால் ஒரு தேய் தேய்த்தாள், அவளுக்கு இது தினப்படி வேலை போல. பன்னிரண்டு நிமிஷம் கழித்து வெளியே வந்தேன், தோள் இளகியிருந்தது, அன்று இரவு செத்த பிணம் போல் தூங்கினேன். அதற்கு முழு மதிப்பெண்.

குறை இல்லாமலா? நிலையத்து அம்மா கதை விடுகிறார். உடம்பு நச்செல்லாம் வியர்வையில் போய்விடும், ஒரு தடவைக்கு ஒரு கிலோ குறையும் என்கிறார். வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான், நச்சைக் கழிக்கிற வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் கூலி கேட்காமல் செய்துகொண்டிருக்கின்றன, குறைந்த எடை இரண்டு கிளாஸ் மோர் குடித்ததும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைவிடக் கோபம் வந்தது வேறொன்றுக்கு. என்னிடம் ரத்த அழுத்தம் உண்டா, கர்ப்பமா, இதய நோய்க்கு மருந்து எடுக்கிறாயா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பத்து தடவை 300 வெள்ளி பேக்கேஜ் எடுக்கிறாயா என்று மட்டும் மூன்று முறை கேட்டார். நம் நாட்டில் பாரம்பரிய, துணை மருத்துவத்துக்கென்று 2016-இலேயே சட்டம் வந்துவிட்டது, இந்திய மருத்துவமும் அதில் ஒரு பிரிவு, எனவே சுவரில் மாட்டியிருக்கும் சாமி படத்துக்குப் பக்கத்தில் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வாய்விட்டுக் கேளுங்கள். நான் கேட்டேன். "அடுத்த வாரம் காட்டுறேன் தங்கச்சி" என்றார். அடுத்த வாரம் நிறைய வந்துபோய்விட்டது.

அதனால் சில வாரம் பக்கத்து மலாய்க் கிராமத்தில் இருக்கும் ஒரு மக்சிக் வீட்டுக்குப் போனேன். அவர்கள் இதைப் பெர்தாங்காஸ் என்பார்கள். நடுவில் ஓட்டை வைத்த பலகை ஸ்டூல், அதற்கு அடியில் கொதிக்கிற பானை, கழுத்திலிருந்து தரை வரை கனத்த துணியால் கூடாரம். பானைக்குள் செராய் (நம் எலுமிச்சம்புல்), லிமாவ் பூருட் என்ற கரடுமுரடு எலுமிச்சை, பாண்டான் இலை, லெங்குவாஸ் என்ற பேரரத்தை. மணம் நம் நொச்சியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். கல்யாணப் பெண்ணுக்கும், பிள்ளை பெற்றவளுக்கு 44 நாள் பந்தாங் என்கிற பத்தியக் காலத்திலும் செய்வது வழக்கம். நம் பாட்டிமார் பச்சை உடம்புக்காரிக்கு நொச்சித் தண்ணீர் காய்ச்சி ஊற்றியதைப் பற்றிச் சொன்னேன், மக்சிக் உள்ளே போய் ஒரு கொத்து இலையைக் கொண்டுவந்து காட்டினார், அவர்கள் லெமுனி என்கிறார்கள், நொச்சிக்குப் பங்காளிச் செடி, வடக்கே அதைச் சோற்றிலேயே போட்டுச் சமைக்கிறார்கள். சூடு மட்டும் சீராக வராது, கீழே சுடும், தோளுக்கு ஏறுவதற்குள் பானை ஆறிவிடும். என் வலி தோளில். ஆகவே கதை விட்டாலும் பரவாயில்லை என்று பெட்டிக்கே திரும்பிவிட்டேன், பேக்கேஜ் எடுக்கவில்லை.

"இதற்கெல்லாம் பதிலாகச் சுங்கை கிளாவுக்குப் போய்விடலாமே" என்று கேட்பீர்கள். சுங்காய் பக்கம் இருக்கிற அந்த வெந்நீர் ஊற்றுக்குக் குடும்பத்தோடு போயிருக்கிறேன், கூடையில் முட்டையை இறக்கி அவித்துச் சாப்பிட்டோம், வரும் வழியில் பீடோரில் கொய்யா வாங்கினோம், நல்ல நாள். ஆனால் அது சுற்றுலா. முட்டிக்கும் தோளுக்கும் வேண்டியது வாரம் இரண்டு முறை, வேலை முடிந்து, வீட்டில் சோறு வைப்பதற்கு முன்னால் போய்வரக்கூடிய ஒன்று. அந்தக் கணக்கில் 3 வெள்ளிக் குளத்தை எதுவும் ஜெயிக்காது.

போகிறவர்களுக்கு: முதலில் குளம், அப்புறம் ஆவி, மாற்றிச் செய்யாதீர்கள், ஆவியில் உடம்பு தளர்ந்த பிறகு ஆழத்தில் இறங்கினால் தலை சுற்றும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விட்டுத் தண்ணீர் குடியுங்கள், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பெட்டிக்குள் உட்காராதீர்கள். கவுண்டருக்குச் சில்லறை கொண்டுபோங்கள், 50 வெள்ளி நோட்டை நீட்டினால் மக்சிக் முகம் மாறிவிடும். திங்கள் குளம் மூடியிருக்கும்.

புதன் மாலை ஐந்து மணிக்கு வலது ஓரத்து லேனில் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு மெதுவாகப் போகிறவள் நான்தான். முழு 25 மீட்டர் இன்னும் ஆகவில்லை. ஆழம் தொடங்குகிற இடத்தைத் தாண்டிச் சுவரில் ஒரு ஓடு உடைந்திருக்கிறது, அதுவரை வந்துவிட்டேன். ஷவர் கதவைச் சரிசெய்ய ஆள் வந்தால் அந்த உடைந்த ஓடு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்.