நிலாவரை: இலையா, பொடியா, மாத்திரையா?

மலச்சிக்கலுக்கு நிலாவரை வாங்கப் போனால் மூன்று உருவில் கிடைக்கும். நாட்டு மருந்துக்கடையில் காய்ந்த இலையும் 100 கிராம் பொடிப் பொட்டலமும் இருக்கும். மருந்துக்கடையில், இந்த இலையின் பேதிச் சரக்கான சென்னோசைடு மாத்திரை. (சென்னோசைடுக்கும் சென்னைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ‘சனா’ என்ற அரபுப் பெயர்தான் மூலம்.) நெல்லை, தூத்துக்குடிச் சீமையின் வானம் பார்த்த நிலத்தில் விளைந்து, ‘டின்னவெல்லி சென்னா’ என்ற பெயரில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிய இலை இது. சரக்கில் குறையில்லை. குறை, பொட்டலம் கட்டுகிற விதத்தில்.

பொடியைப் பார்ப்போம். “இரவில் ஒரு டீஸ்பூன் வெந்நீரில்” என்றுதான் பல பொட்டலங்களில் அச்சிட்டிருக்கிறது. தலைதட்டிய டீஸ்பூன் கிட்டத்தட்ட 2 கிராம் வரும். நல்ல இலையில் செயல்படும் சரக்கு சுமார் 2.5 சதவீதம். அப்படியானால் ஒரு டீஸ்பூனில் 50 மில்லிகிராம். ஐரோப்பிய மருந்து முகமை பெரியவர்களுக்குச் சொல்லும் அளவோ இரவுக்கு 15 முதல் 30 மில்லிகிராம். கால் டீஸ்பூனில் தொடங்கி, தேவைப்பட்டால் அரை டீஸ்பூனுக்குப் போவதே முறை. கரண்டியைக் குவித்து அள்ளுகிறவருக்கு விடியற்காலையில் வயிற்று முறுக்கு நிச்சயம்.

ஒரே பொட்டலம் ஒருவருக்குப் பேதியாகவும் இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லாமலும் போவது ஏன்? சென்னோசைடு மூலக்கூறில் இரண்டு குளுக்கோஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிணைப்பை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. அதனால் மருந்தில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் அப்படியே பெருங்குடல் வரை போய்ச் சேர்கிறது. அங்கே இருக்கும் பாக்டீரியா சர்க்கரையைக் கழற்றி, மிச்சத்தை ‘ரைன் ஆந்த்ரோன்’ ஆக்குகிறது. பெருங்குடலைத் தூண்டுவதும் அங்கே நீரைத் தங்கவைப்பதும் இந்த ரைன் ஆந்த்ரோன்தான். கடைக்காரர் விற்பது பாதி மருந்து. மீதியைக் குடலில் உள்ளவை சமைக்கின்றன. கற்றாழையிலிருந்து எடுக்கும் கரியபோளமும் இதே ரகம். அதில் உள்ள பார்பலாயினைப் பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் கொடுத்தபோது பேதி ஆகவில்லை. அதை உடைக்கத் தெரிந்த மனிதக் குடல் பாக்டீரியா ஒன்றைக் குடியேற்றிய பிறகு ஆனது.

இந்தப் பயணத்துக்கு 8 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். இரவு 9 மணிக்குக் குடித்தால் காலையில் வேலை செய்யும். “ரெண்டு மணி நேரத்தில் குடல் சுத்தம்” என்று ஒட்டியிருக்கும் பொட்டலத்தைத் தொடவே வேண்டாம். அதை நம்பி 11 மணிக்கு இன்னொரு கரண்டி போடுகிறவர்களுக்கு இரண்டு வேளை மருந்தும் காலையில் சேர்ந்து வேலை காட்டும். ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாட்களிலும், முடித்த கையோடும் மருந்து மந்தமாகலாம். அப்போது பொடி மட்டம் என்று திட்டிவிட்டு அளவை ஏற்றினால், பாக்டீரியா மீண்டதும் அதே அளவு மிகையாகிவிடும்.

கலப்படம் தனிக் கதை. நிலாவரையோடு ஆவாரை இலையைக் கலப்பது பழைய தந்திரம். ஆவாரையில் இந்தப் பேதிச் சரக்கு கிடையாது. முழு இலையாக வாங்கினால் கண்ணே காட்டிக்கொடுக்கும். நிலாவரை ஈட்டி வடிவில், நுனி கூராக, மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். அடிப்பகுதி ஒருபக்கம் ஏறி ஒருபக்கம் இறங்கி இருக்கும். ஆவாரை இலையின் நுனி மழுங்கல். அரைத்துவிட்டால் கடைக்காரருக்கே வித்தியாசம் தெரியாது. அதனாலேயே பொடிக்கு நம் மதிப்பெண் குறைவு. மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருப்பதால் அளவு தவறாது. வயதானவர்களுக்கு அதுவே மேல்.

கர்ப்பிணிகள், 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், காரணம் தெரியாத வயிற்றுவலி உள்ளவர்கள் தாமாக எடுக்கக் கூடாது. டிகாக்சின் என்ற இதய மருந்து, நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்: பேதியில் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும். சிறுநீர் மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ போவது மட்டும் மருந்தின் நிறம், பயமில்லை.

தொடர்ந்து ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் எடுக்கவே கூடாத மருந்தை, ஆளுக்கு நூறு வேளை வருகிற 100 கிராம் பொட்டலமாக எதற்கு விற்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை. 25 கிராம் இலை கேளுங்கள். காம்பும் குச்சியும் பொறுக்கிவிட்டு, பத்து கிராமை மட்டும் மிக்ஸியில் அரைத்துச் சலித்து, ஈரம் படாத கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள். மீதி இலையாகவே இருக்கட்டும்.