ஓட்டாமல் வைத்தாலும் உடையும் கியர்: இரண்டு பழைய மாடல் ரயில் இன்ஜின்களுடன் என் அனுபவம்

பழைய மாடல் ரயில் இன்ஜினில் கியர் விரிசல் விட்டிருந்தால், கண்ணில் படுவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஒரு ‘டக்’. அடுத்த சுற்றில் அதே இடத்தில் மறுபடியும் ‘டக்’. வேகத்தைக் கூட்டினால் அந்தச் சத்தம் இரைச்சலில் கரைந்துபோகும். குறைத்தால் இன்ஜின் நொண்டும். என்னிடம் உள்ள ஹெச்ஓ அளவு (நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு) டீசல் இன்ஜின் மறுபடியும் நொண்டத் தொடங்கியது. அதைப் பிரித்துச் சரிசெய்து முடித்த சூட்டோடு இதை எழுதுகிறேன். நண்பர் ஒருவரின் கேள்வியும் இதே வேளையில் வந்து சேர்ந்தது. அவர் பார்த்துவைத்திருக்கும் இரண்டு இன்ஜின்களும் என்னிடம் இருப்பவைதான்: ஒன்று இந்த டீசல், மற்றொன்று டிரை-ஆங் என்ற பிரிட்டிஷ் பொம்மை நிறுவனத்தின் எக்ஸ்04 மின்மோட்டார் வைத்த நீராவி இன்ஜின் மாடல். இரண்டின் விலையும் குறைந்திருக்கிறதாம். வீட்டிலேயே பழுது பார்த்துக்கொள்ள எது தோதானது என்று கேட்கிறார்.

முதலில் அந்தக் கியரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் வேறெதையும் நிதானமாக என்னால் எழுத முடியாது.

இந்த வகை டீசல் மாடல்களில் ஒவ்வொரு அச்சும் ஒரே கம்பியாக இருக்காது. இடச் சக்கரத்தோடு ஓர் அரை அச்சு, வலச் சக்கரத்தோடு ஓர் அரை அச்சு. நடுவில் பிளாஸ்டிக் கியர். அதன் இரு பக்கமும் சிறு குழாய்போல் நீண்டிருக்கும். அரை அச்சுகளை அந்தக் குழாய்களுக்குள் அழுத்திச் செருகியிருப்பார்கள். இரண்டு தண்டவாளங்களிலும் எதிரெதிர் மின்முனைகள் ஓடுவதால் இடமும் வலமும் ஒன்றையொன்று தொடக்கூடாது. அந்தத் தடுப்பு வேலையையும் கியரே பார்த்துக்கொள்கிறது. யோசித்துப் பார்த்தால் அழகான ஏற்பாடு. ஒரே துண்டு பிளாஸ்டிக் சக்கரத்தைச் சுழற்றுகிறது, அச்சைப் பிடித்து நிறுத்துகிறது, மின்சாரத்தையும் தடுக்கிறது.

ஆனால் அச்சு நழுவாமல் இருக்க வேண்டுமென்றால், துளையைவிட அது இம்மி அளவாவது தடித்திருக்க வேண்டும். அப்படியானால் செருகிய நாளிலிருந்தே அந்த பிளாஸ்டிக் உள்ளிருந்து விரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது இறுகிச் சுருங்கவும் செய்தால், ஒருநாள் பிளந்தே தீரும். பிளப்பதும் பெரும்பாலும் இரண்டு பற்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில்தான். கியரில் சதை மிகக் குறைவான இடம் அதுவே. பிளந்ததும் அந்த இரு பற்களுக்கும் நடுவே இடைவெளி கூடிவிடும். எதிரில் வரும் கியரின் பல் அந்த இடத்தில் சரியாக உட்காராமல் ஏறி விழும். அதுதான் அந்த ‘டக்’. விரிசல் குழாய்ப் பகுதிவரை ஓடிவிட்டால் பிடிமானமே போய்விடும். மோட்டார் சுழலும், கியர் சுழலும், அச்சு மட்டும் சும்மா நிற்கும்.

இதில் என்னைக் கொதிக்க வைப்பது எது தெரியுமா? இது தேய்மானம் அல்ல. ஓடி ஓடித் தேய்ந்திருந்தால் மனம் ஆறிவிடும். உழைத்த பொருள் தேயத்தான் செய்யும். இந்தக் கியரோ பெட்டியைத் திறக்காமல் அலமாரியில் வைத்திருந்தாலும் உடைகிறது, ஏனென்றால் அந்த இழுவிசை ஒரு நொடிகூட ஓய்வதில்லை. “ஒருமுறைகூட ஓட்டாதது, பெட்டியோடு புத்தம் புதியது” என்று விற்பவர் சத்தியமே செய்தாலும், அது நிஜமாகவே இருந்தாலும், கியர் முழுதாக இருப்பதற்கு அது சாட்சி ஆகாது. பெட்டியோடு வைத்திருந்தார் என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

இதைச் செய்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். அந்த உதிரிப்பாகம் இப்போது கைவசம் இல்லை என்று மரியாதையாக ஒரு பதில் வந்தது. கோபம் தணியவில்லை, தணியவும் வேண்டாம். உலோக அடித்தளம், மோட்டார் தண்டில் கனமான இரட்டைச் சுழல்சக்கரம், கண்ணாடிச் சன்னலுக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் அவ்வளவு நுணுக்கம். இத்தனையையும் செய்தவர்கள், சுண்டுவிரல் நகத்தளவு பிளாஸ்டிக்கை ஏன் இப்படி விட்டார்கள்?

ஒட்டிப் பார்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். இந்தக் கியர்களை வார்க்கும் நைலான், அசிட்டல் போன்றவை இயல்பிலேயே வழுவழுப்பானவை. அதற்காகத்தான் கியருக்கு அவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எதுவும் ஒட்டாத அந்தக் குணம்தான் பசையையும் ஒட்டவிடுவதில்லை. மேசையில் பிடித்ததுபோல் தெரியும் பசை, பெட்டிகளைக் கோத்து இழுக்கும்போது விட்டுவிடும். பசை பல்லிடுக்கில் வழிந்து இறுகிவிட்டால், எதிர்க் கியருக்கும் சேதம். மாற்றுக் கியர்தான் வழி. வேறு தயாரிப்பாளர்கள் வெளியிடும் கியர்களில் இதற்குப் பொருந்துபவை இருக்கின்றன. பல் எண்ணிக்கை பழையதோடு அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும். ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் அந்த அச்சு மற்ற அச்சுகளோடு முரண்டு பிடிக்கும்.

மாற்றும் வேலையில் நேரம் பிடிப்பது ஒன்றுதான்: அரை அச்சுகளை நேராகச் செருகுவது. சற்றே சாய்ந்தாலும் சக்கரம் ஆடும். நான் சக்கரத்தைக் கையால் அழுத்துவதில்லை. சிறு மேசைப்பிடியின் இரு தாடைகளுக்கு நடுவே வைத்து, திருகைக் கால் திருப்பு திருப்பி, எடுத்து உருட்டிப் பார்த்து, மறுபடியும் கால் திருப்பு. புதுக் கியரின் துளை மிக இறுக்கமாக இருந்தால் முதலில் துளையை இழைத்து ஒரு மயிரிழை பெரிதாக்கிக்கொள்கிறேன். இல்லாவிட்டால் பழைய கதை புதிய கியரிலும் தொடங்கிவிடும். கடைசியில் சக்கர இடைவெளியை என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) அளவுத் தகட்டில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். 16.5 மி.மீ பாதையில் சக்கரம் கொஞ்சம் உள்வாங்கினாலும் வெளித்தள்ளினாலும், நேர்ப்பாதையில் ஒழுங்காக ஓடிவிட்டு, பாதை பிரியும் இடத்தில் தடம் புரளும். குற்றம் பாதையில் இருக்கிறதா இன்ஜினில் இருக்கிறதா என்று வீணாகத் தேட வேண்டி வரும்.

இனி அந்த நீராவி இன்ஜின். இதைப் பற்றி எழுதும்போதே கை இளகுகிறது. எக்ஸ்04 என்பது 1950களில் வந்த திறந்த அமைப்பு மோட்டார். மூடிய டப்பா கிடையாது. காந்தம், ஆர்மேச்சர் என்னும் சுழலும் சுருள், அதற்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ் எல்லாம் வெளியே தெரியும். பிரிக்கப் பிறந்த மோட்டார் என்றே சொல்வேன். கார்பன் பிரஷ் தேய்ந்தால் பிரஷ். ஸ்பிரிங் தளர்ந்தால் ஸ்பிரிங். இரண்டு பிரஷ்களையும் அழுத்திப் பிடிப்பது ஒரே ஸ்பிரிங்தான். அதன் ஒரு காலில் மட்டும் சிறு காப்புக் குழல் மாட்டியிருக்கும். பழையதாக வாங்கும் மோட்டார் அசையாமல் மின்சாரத்தை மட்டும் குடித்தால், முதலில் அந்தக் குழலைத் தேடுங்கள். எங்காவது கழன்று விழுந்திருந்தால், அந்த ஸ்பிரிங் வழியாகவே ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். மின்கம்பியின் மேலுறையில் சிறு துண்டு உருவி மாட்டினால் தீர்ந்தது.

பிரஷ்கள் உரசும் பாகமான கம்யூட்டேட்டரில் மூன்று செம்புத் துண்டுகள். அவற்றுக்கு நடுவிலுள்ள பிளவுகளில் கார்பன் தூள் எண்ணெயோடு குழைந்து கரிக் களிம்பாக அடைந்திருக்கும். மரப் பல்குச்சியால் வழித்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தால் செம்பு மினுங்கும். பிறகு மல்டிமீட்டரால் அடுத்தடுத்த துண்டுகளுக்கு இடையே மூன்று முறை அளந்து பாருங்கள். மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் சுருள் நலம். ஒன்று மட்டும் விலகினால் சுருளில் எங்கோ கோளாறு.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் காந்தத்தில் கிடைத்தது. என் இன்ஜின் வெறுமனே வேகமாக ஓடியது, இரண்டு பெட்டியைக் கோத்தால் திணறியது, தொட்டால் சுட்டது. வேகமாக ஓடுவதைப் பார்த்து மோட்டார் நன்றாக இருக்கிறது என்றே எவரும் நினைப்பார்கள். உண்மை நேர்மாறானது. மோட்டார் சுழலும்போது அதற்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தம் உண்டாகும். காந்தம் வலுவிழந்தால் அந்த எதிர்ப்பு குறைகிறது. கூடுதல் மின்சாரம் பாய்கிறது. வேகமும் சூடும் ஏறி, இழுக்கும் திறன் இறங்குகிறது. இதிலுள்ளது அல்னிகோ காந்தம்: இரும்போடு அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த கலவை. அதைச் சுற்றியுள்ள இரும்புத் துண்டுகளிலிருந்து கழற்றி வெறுமனே வைத்தாலே பலம் குறையும் ரகம். தெரியாதவர் யாரோ முன்பு பிரித்திருக்க வேண்டும். காந்தத்துக்கு இழந்த காந்த சக்தியை மீண்டும் ஏற்றி வாங்கி மாட்டினேன். அதே சுருள், அதே பிரஷ், அதே 12 வோல்ட். மின்சாரம் குறைவாக எடுத்துக்கொண்டு, திணறிய அதே பெட்டிகளைச் சளைக்காமல் இழுத்தது. கூட்டைத் தொட்டால் வெதுவெதுப்புதான். அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை வேறு எந்தப் பழுதுபார்ப்பும் தரவில்லை.

அச்சில் இருப்பது பித்தளைப் பல்சக்கரம். அது விரிசல் விடவில்லை. சக்கரங்களைக் கழற்ற வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை, நல்லவேளை. நீராவி மாடலில் இணைப்புத் தண்டுகள் மாட்டும் இருபுறக் கிராங்குகளும் ஒன்றுக்கொன்று 90 டிகிரி தள்ளி இருக்க வேண்டும். மூன்று அச்சுகளிலும் அது ஒன்றுபோல் அமையாவிட்டால் இணைப்புத் தண்டுகள் இறுகிக்கொள்ளும்.

இப்படிக் கூட்டிக் கழித்தால் டிரை-ஆங்தான் நல்ல இன்ஜின். எளிமை, உறுதி, உள்ளே ஒளிவுமறைவு இல்லை. ஆனாலும் நண்பருக்கு நான் டீசலையே வாங்கச் சொல்லிவிட்டேன்.

ஓட்டிப் பார்த்தால்தான் காரணம் விளங்கும். மூன்று துருவ ஆர்மேச்சரை மெதுவாக ஓட்டுவது கடினம். நிற்கும், நிற்கும், திடீரென்று பாயும். அதன் சக்கர விளிம்புகள் ஆழமானவை. இன்றைய உயரம் குறைந்த தண்டவாளங்களில், அவற்றைக் கட்டைகளோடு பிடித்திருக்கும் பிணைப்புகள்மேல் தடதடவென்று இடித்துக்கொண்டே போகும். பிரிட்டிஷ் ஓஓ மாடல் 1:76, ஹெச்ஓ 1:87, இரண்டுக்கும் பாதை ஒரே 16.5 மி.மீ. ஆகவே இரண்டையும் ஒரே பாதையில் ஓட்டி ஒப்பிட முடிகிறது. கியர் மாற்றிய டீசல் குறுக்குக்கட்டை குறுக்குக்கட்டையாக நகர்கிறது. பாதையில் தூசு படிந்த இடத்திலும் சுழல்சக்கரத்தின் வேகம் அதைத் தள்ளிக் கடத்திவிடுகிறது. சரக்கு ரயில் கிளம்பும்போது இருக்கும் அந்தப் பளுவும் தயக்கமும் அதில் தெரிகிறது. கொக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறுகும் சத்தம் கடைசிப் பெட்டிவரை போவதைக் கேட்டபின், கியரைச் செய்தவர்கள்மேல் உள்ள கோபம் இன்னும் இரண்டு மடங்காகிறது; இன்ஜின்மேல் ஆசையும் அதே அளவு ஏறுகிறது. நாளை வேறு மனநிலையில் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ. இன்று இதுதான்.

வாங்குபவர் இன்ஜின் வரும்வரை காத்திருக்காமல் கியரையும் சேர்த்தே வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். நான்கு அச்சுகளின் கியர்களில் விரிசல் ஒன்றில்தான் தெரிகிறது என்று ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். மற்ற மூன்றும் அதே வார்ப்பில் வந்தவை, அதே ஆண்டுகளாக அதே இறுக்கத்தில் இருப்பவை. நான்கையும் ஒரே முறையில் மாற்றிவிடுங்கள். பழைய கிரீஸ் மஞ்சள் மெழுகாக இறுகியிருக்கும். ஒரு துளி விடாமல் கழுவிய பிறகே புதிய கியரை வையுங்கள். அந்தக் கிரீஸ் விரிசலை மறைத்துவிடும், எனவே கழுவாத கியரைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது. பிளாஸ்டிக்குக்கு ஆகும் என்று குறிப்பிட்டிருக்கும் கிரீஸை மட்டும், பல்லுக்குப் பல் பூச்சாகத் தடவினால் போதும். பிறகு மேல்கூட்டை மாட்டாமல், குறைந்த வேகத்தில், முன்னும் பின்னும் சற்று நேரம் ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள்.