எரிவாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவி: சென்சார் நன்று, அமைப்பில் குறை

ரிச்சி தெருவில் வாங்கிய, நேரே சாக்கெட்டில் செருகும் வகைக் கசிவு எச்சரிக்கைக் கருவியைச் சில மாதங்களாக எங்கள் சமையலறையில் பயன்படுத்தி வருகிறோம். அதன் சென்சாரில் பெரிய குறை இல்லை. ஆனால் கருவி எங்கே மாட்டப்படும் என்பதைத் தயாரித்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை என்பதே என் வருத்தம்.

சமையல் எரிவாயுவில் உள்ள புரோப்பேனும் பியூட்டேனும் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானவை என்பதால், கசியும் வாயு தரையோடு படர்ந்து, சிலிண்டர் நிற்கும் மேடைக்கடியில்தான் முதலில் தேங்குகிறது. நம் அடுக்குமாடி வீடுகளிலோ சமையலறைச் சாக்கெட் பெரும்பாலும் மேடைக்கு மேலேதான் இருக்கிறது. காற்றில் ஏறத்தாழ 1.8 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பற்றக்கூடிய இந்த வாயு, அதில் பத்தில் ஒரு பங்கை எட்டும்போதே மணி ஒலிக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த அளவு மேலே உள்ள கருவியை எட்டுவதற்குள் கீழே எவ்வளவு சேர்ந்திருக்கும்? தரையிலிருந்து ஓரடிக்குள் பொருத்த வசதியாக ஒயர் கொடுத்திருக்க வேண்டும். குழாய்வழி இயற்கை எரிவாயு பெறுபவர்களுக்கு இது தலைகீழ்: மீத்தேன் மேலே எழும் என்பதால், அதற்கென அமைத்த கருவியைக் கூரையை ஒட்டியே மாட்ட வேண்டும்.

சென்சார், ஜப்பானின் நவோயோஷி டாகுச்சி 1962இல் காப்புரிமை கோரிய வெள்ளீய ஆக்சைடு வகையைச் சேர்ந்தது. சூடேற்றிய ஆக்சைடின் மேற்பரப்பில் ஒட்டியுள்ள ஆக்சிஜனோடு எரிவாயு வினைபுரியும்போது மின்தடை குறைகிறது. அந்தச் சரிவே மணியை ஒலிக்கச் செய்கிறது. பற்றவைக்காத லைட்டரின் வாயுவைச் சற்றே காட்டியதும் சில நொடிகளில் ஒலித்தது. ஆனால் ஆல்கஹால் ஆவியை அது பிரித்தறிவதில்லை. சானிடைசர் தெளித்தபோதும் அலறியது. சென்னையின் ஈரக்காற்றும் இவ்வகைச் சென்சாரின் அளவீட்டைச் சற்று நகர்த்தக்கூடியது. தொழிற்சாலைகளில் உள்ள அகச்சிவப்பு வகைக்கு இத்தொல்லைகள் குறைவு என்றாலும், அதன் விலை வீட்டுக்குக் கட்டுப்படியாகாது.

சோதனைப் பொத்தான் மணியை மட்டுமே சோதிக்கிறது, சென்சாரை அல்ல. பேட்டரி இல்லாததால் மின்சாரம் போனால் காவலும் போய்விடுகிறது.

இவற்றைவிடக் கவலை தருவது கையேடு. மணி ஒலித்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து எரிவாயுக் கசிவு அவசர உதவி எண்ணான 1906ஐ அழைக்க வேண்டும் என்ற வரி அதில் இல்லை. மணியை நிறுத்தத் தனிப் பொத்தானும் கிடையாது. பதற்றத்தில் யாரும் கருவியைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கவே பார்ப்பார்கள். அப்போது எழும் சிறு பொறியே, தேங்கிய வாயுவைப் பற்றவைக்கப் போதும்.