முதல் டிஎஸ்எல்ஆர்: நிக்கான் டி5600-ஆ, கேனன் 200டி மார்க் 2-வா?

என் தேர்வு நிக்கான் டி5600, அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும். இரண்டையுமே பலர் செகண்ட் ஹேண்டிலில் வாங்குகிறார்கள் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் சொல்கிறேன்.

பொதுவானவற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இரண்டிலும் ஏபிஎஸ்-சி (முழு ஃப்ரேமைவிடச் சிறிய) சென்சார், 24 மெகாபிக்சல், திருப்பக்கூடிய டச் ஸ்கிரீன், வைஃபை, மைக் துளை, நொடிக்கு 5 படம். படத்தை மட்டும் பார்த்து எது எந்த கேமராவில் எடுத்தது என்று சொல்வது கடினம்.

தீர்மானிப்பது ஹாட் ஷூ. கேமராவின் தலையில் ஃப்ளாஷ் மாட்டும் அந்தத் தகட்டின் நடுவில் பெரிய வட்டமாக ஒரு பின் இருக்க வேண்டும். ஷட்டர் (சென்சாருக்கு முன் திறந்து மூடும் திரை) முழுதாகத் திறந்ததும் ஃப்ளாஷை எரியவைப்பது அதுதான். டி5600-இல் அது இருக்கிறது. 200டி மார்க் 2-வில் இல்லை, கேனனின் இன்னொரு தொடக்க மாடலான 1500டி-யிலும் இல்லை. கேனனின் சொந்த ஃப்ளாஷோடு பேசும் சிறு புள்ளிகள் மட்டுமே. கோடாக்ஸ் டிடி600 மாதிரி ஒற்றைப் பின் மேனுவல் ஃப்ளாஷை மாட்டினால் எரியவே எரியாது. தள்ளி நிற்கும் ஃப்ளாஷை ரேடியோவில் எரியவைக்கும் சாதாரண ஒற்றைப் பின் டிரிகரும் அப்படியே. கேனனுக்கென்றே வரும் சில வெளிக் கம்பெனி ஃப்ளாஷ்கள் ஃபர்ம்வேர் (உள்ளிருக்கும் மென்பொருள்) புதுப்பித்தால் இயங்கும். அதே பாடியில் மாட்டி எரியவிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

நம் பக்கம் இது ஏன் பெரிய விஷயம் என்றால், புதிதாகக் கேமரா வாங்கியவரை வீட்டார் முதலில் கூப்பிடுவது வளைகாப்புக்கும் காதுகுத்துக்கும்தான். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு மண்டபத்துக்குள் கேமராவோடு வரும் கிட் லென்ஸோடு போனால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 6400 தொட்டாலும் முகம் குழைந்துதான் வரும். மேனுவல் மோடில் ஷட்டர் 1/125 நொடி, லென்ஸ் துளை எஃப்/5.6, ஐஎஸ்ஓ 800 வைத்து, ஃப்ளாஷ் தலையை வெள்ளைக் கூரை நோக்கித் திருப்பி 1/8 பவரில் தொடங்குங்கள். இருட்டாக வந்தால் பவரை மட்டும் 1/4-க்கு ஏற்றுங்கள். ஷட்டர் 1/200-ஐத் தாண்டினால் படத்தின் ஒரு ஓரம் கறுப்புப் பட்டையாக விழும். கூரைக்குப் பதில் சிவப்புத் துணிப் பந்தல் என்றால் இப்படி மேலே அடித்துத் திருப்பும் பவுன்ஸ் வேண்டாம், மாப்பிள்ளை முகமும் சிவந்துவிடும். அங்கே ஃப்ளாஷை ஸ்டாண்டில் வெள்ளைக் குடையோடு நிறுத்தி டிரிகரில் எரிக்க வேண்டும். அதற்கும் அந்த நடுப்பின்தான் வேண்டும்.

கேமராவிலேயே இருக்கும் பாப்-அப் ஃப்ளாஷ் வெளிச்சத்தைக் கண்டு வெளி ஃப்ளாஷ் தானாக எரியும் ஸ்லேவ் மோடில் எரியவைக்கலாமே என்பார்கள். வீட்டில் சரி. மண்டபத்தில் பக்கத்து ஸ்டுடியோக்காரர் ஒவ்வொரு முறை ஃப்ளாஷ் அடிக்கும்போதும் உங்களுடையதும் சேர்ந்து எரியும். நீங்கள் அமுக்கும் நேரத்தில் அது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்.

கேனன் ஜெயிக்கும் இடமும் உண்டு. திருவாரூர் ஆழித்தேர் நாளில் கூட்டத்துக்கு மேல் கேமராவைத் தூக்கிப் பிடித்து ஸ்கிரீனைப் பார்த்து எடுக்கும்போது, சென்சாரிலேயே ஃபோகஸ் செய்யும் கேனனின் டூயல் பிக்சல் முறை டக்கென்று பிடிக்கும். டி5600 இப்படி ஸ்கிரீன் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் முன்னும் பின்னும் தேடி நேரமெடுக்கும். கண்வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் நிலைமை தலைகீழ்: கேனனுக்கு 9 ஃபோகஸ் புள்ளி, நிக்கானுக்கு 39. வீடியோதான் உங்கள் முதல் வேலை என்றால் நான் சொன்ன தீர்ப்பு உங்களுக்குப் பொருந்தாது, கேனனையே எடுங்கள்.

நிக்கானின் குறை லென்ஸில். டி5600-க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று சொந்த மோட்டார் இல்லாத பழைய 50 எம்எம் ஏஎஃப்-டி லென்ஸ் வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி (மோட்டார் உள்ளவை) இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது லென்ஸாக 70-300 எம்எம் ஜூம் வேண்டாம், 35 எம்எம் எஃப்/1.8 டிஎக்ஸ் எடுங்கள். வீட்டுக் கூடத்துக்குள் 50 எம்எம் ரொம்ப நெருக்கமாகக் காட்டும்.

பழையதை வாங்கும்போது நிக்கானில் இன்னொரு வசதி: அப்போதே எடுத்த ஜேபெக் படத்தின் எக்ஸிஃப் (படத்தோடு சேரும் கேமராக் குறிப்பு) தகவலிலேயே ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை எத்தனை முறை அமுக்கியது என்ற கணக்கு, பதிவாகியிருக்கும். கேனனில் யுஎஸ்பி போட்டு தனி மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். எந்த கேமராவானாலும் லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் அது பூஞ்சை. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டா ஈரம் நல்ல லென்ஸிலும் பூஞ்சை பிடிக்க வைக்கும். கேமராவைத் துணிப்பையில் பூட்டி பீரோவில் வைக்காமல், ரப்பர் வளையம் உள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லும் ஈரப்பதம் காட்டும் ஒரு சிறு ஹைக்ரோமீட்டரும் சேர்த்து வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். ஜெல்லின் நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் சிறு தீயில் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம், ஆனால் சமையலுக்கு எடுக்கும் வாணலியில் வேண்டாம். அந்த நீல நிறம் கோபால்ட் உப்பு, சாப்பாட்டில் சேரக் கூடாதது.