நாரி நோவோடு இத்தனை வருஷம்: எது கைகொடுத்தது, எது அலுமாரிக்குப் போனது

நாரி நோவுக்கென்று, அதாவது கீழ்முதுகு வலிக்கென்று, நான் வாங்கின, எனக்கு வந்து சேர்ந்த சாமான்களில் பாதிக்கு மேல் இப்போது அலுமாரியின் மேல்தட்டில் கிடக்கின்றன. பெல்ற், மசாஜ் மிசின், பெயர் ஒட்டாத எண்ணெய்ப் போத்தல்கள், ஒரு விசித்திரமான தலையணை. உண்மையில் கைகொடுத்தவை என்றால் ஒரு பழைய கதவு, பிசியோ மிஸ் எழுதித் தந்த ஒரு தாள், பின்னேர நடை, வீட்டில் வாளி தூக்கித் தர ஒரு ஆள். தைக்கத் துணி கொண்டுவருகிற பெண்களில் கனபேர் கதிரையில் இருந்து எழும்பும்போது கையை நாரியில் ஊன்றிக்கொண்டுதான் எழும்புகிறார்கள், எழும்பினதும் "நீங்கள் என்ன செய்தனீங்கள் அக்கா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனேன், அதனால் எழுதிவைக்கிறேன்.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் வீட்டிலேயே தையல். சாரிச் சட்டை, பஞ்சாபி, பள்ளிக்கூடச் சட்டை. 2016 நல்லூர்த் திருவிழா நேரம்தான் முதன்முதலாகப் பிடித்தது. அந்த இருபத்தைந்து நாளும் எங்களுக்குச் சீசன், சப்பறத்துக்கு முதல் தா, தேருக்கு முதல் தா என்று நிற்பார்கள். நான் துணி வெட்டுவது எப்போதும் நிலத்தில்தான், சீமெந்துத் தரையில் விரித்து, ஒரு காலை மடக்கி, மற்றக் காலை நீட்டி, அப்படியே குனிந்து. ஒருநாள் பின்னேரம் எழும்பினால் நிமிர முடியவில்லை. அப்புறம் இடது பக்கத்தால் கெண்டைக்கால் வரை சுள்ளென்று இறங்கத் தொடங்கியது. திருவிழா முடிந்தால் மாறிவிடும் என்றார்கள். திருவிழா முடிந்தது, தீபாவளி வந்தது, ஜனவரியில் பள்ளிக்கூடச் சீருடைத் துணி வந்து குவிந்தது, நோ மட்டும் போகவில்லை. மூன்று மாதம் தாண்டினால் அதை நாட்பட்ட நோ என்று சொல்வார்களாம். எனக்கு அது வருஷக் கணக்கு.

முதலில் குளிசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பனடோல் எனக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. டைக்ளோபெனாக் கேட்கும், அதை மறுக்க முடியாது, கடுமையாகப் பிடிக்கிற நாளில் இரண்டு மூன்று நாளைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் நிமிரலாம். ஆனால் இங்கே கனபேர் அதைப் பாமசியில் கேட்டு வாங்கி மாதக் கணக்காகப் போடுகிறார்கள். வயிற்றில் புண் வரும், சிறுநீரகத்தைப் பாதிக்கும், பிறஷர் இருக்கிறவர்களுக்கு அதையும் ஏற்றும். எனக்கு நெஞ்செரிவு தொடங்கினதும் டொக்டர் வயிற்றுக்கு ஒமிப்ரசோலும் சேர்த்துத் தந்து, "இது நோவை மாற்றுகிற மருந்து இல்லை, நீங்கள் எழும்பி நடக்கிறதுக்கான மருந்து" என்றார். அப்போது கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால் இத்தனை பேர் சொன்னதில் அதுதான் உருப்படியான பேச்சு.

பெல்ற். வாங்கின முதல் கிழமை அது இல்லாமல் இருக்க முடியாது என்று நினைத்தேன். சித்திரை வெயிலில் கட்டிப் பார்த்தால் தெரியும், வேர்த்து, அரித்து, நாரியைச் சுற்றிச் சிவந்து போகும். பஸ்ஸில் கொழும்புக்குப் போகிற இரவுக்கு மட்டும் சரி, மற்றபடி கழற்றி வைத்துவிட்டேன். மருத்துவபீடத்தில் படிக்கிற என் பெறாமகன், உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட நாரி நோவுக்கு என்று வெளியிட்ட வழிகாட்டியை எனக்கு வாசித்துக் காட்டினான். பெல்ற், இழுவை வைத்தியம், மின்சாரம் பாய்ச்சுகிற சின்ன மிசின் இதெல்லாம் வழக்கமாகக் கொடுக்க வேண்டியதில்லை என்று அதில் இருக்கிறது. உடற்பயிற்சி, நோவைப் பற்றிய விளக்கம், மனதுக்கான உதவி, பிடித்துவிடுகிற மாதிரியான சில கைவைத்தியங்கள், இவைதான் அவர்கள் கைநீட்டிக் காட்டுகிறவை. "சின்னம்மா, உங்கட அலுமாரியைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாங்கள் போல" என்று சிரித்தான்.

மசாஜ் மிசின் கனடாவில் இருந்து அண்ணா அனுப்பினது. பாவம், பாசத்தில் அனுப்பினார், கடலால் வந்த பெட்டியில் சொக்கலேற்றுக்கும் சம்போவுக்கும் நடுவில் அது இருந்தது. அங்கே 120 வோல்ற், இங்கே 230. ட்ரான்ஸ்போமர் இல்லாமல் செருகினால் கருகிவிடும் என்று பக்கத்து வீட்டுத் தம்பி நல்லவேளை சொன்னான். ட்ரான்ஸ்போமர் ஒன்று வாங்கினோம், அதன் பாரம் மிசினை விடக் கூட, நாரி நோக்காரி அதைத் தூக்கி வைத்துத்தான் நாரி நோவுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். பயன்? போட்டிருக்கிற நேரம் சுகம், நிற்பாட்டினால் பழையபடிதான்.

ஸ்கானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோவை விட அது என்னை வருத்தியது. காசு கட்டி எம்.ஆர்.ஐ. எடுத்தேன். முள்ளந்தண்டில் எல் 4, எல் 5 எலும்புகளுக்கு நடுவில் உள்ள தட்டு வீங்கியிருக்கிறது, தேய்வு இருக்கிறது என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்த ஒருவர், இனிக் குனியவே கூடாது, பாரம் தூக்கவே கூடாது, போகப் போக ஒப்பரேசன் வரலாம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு கனகாலம் நான் செருப்பு எடுக்கவும் பயந்தேன். முள்ளந்தண்டு பொடிப்பொடியாகப் போகிறது என்று இரவில் கிடந்து யோசிப்பேன். நோ இல்லாத ஆட்களைப் படம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015 இல் ஒன்றுசேர்த்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. எந்த நோவும் இல்லாத இருபது வயதுக்காரரிலேயே 37 சதவீதம் பேருக்குத் தட்டுத் தேய்வு, ஐம்பது வயதில் 80 சதவீதம். தட்டு வீக்கம் நாற்பது வயதில் பாதிப் பேருக்கு உண்டு. என் வயதில் உள்ள பாதிப் பேர் அந்த வீக்கத்தோடு நோவில்லாமல் திரிகிறார்கள் என்றால் அந்தத் தாளைப் பார்த்து நான் ஏன் கட்டிலில் கிடக்க வேண்டும்? படத்தில் தெரிகிறதெல்லாம் காரணம் ஆகாது. பெரும்பாலான நாரி நோவுக்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டவும் முடியாது.

அதற்காக எல்லாவற்றையும் அலட்சியம் பண்ணச் சொல்லவில்லை. சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது அல்லது சிறுநீர் போகவே மாட்டேன் என்று நிற்பது, மலவாசலைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் விறைத்துப் போவது, பாதம் தூக்க முடியாமல் இழுபடுவது, இப்படி ஏதும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். காய்ச்சலோடு நோ, காரணமில்லாமல் மெலிவு, முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக நோ, இவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. இந்தக் குறிகள் எதுவும் இல்லை என்றால் பயத்தைக் கொஞ்சம் குறைக்கலாம்.

பிசியோவுக்கு அனுப்பினபோது எனக்கு நம்பிக்கையே இல்லை. நடுத்தர வயது மிஸ் ஒருவர். நோ எங்கே என்று கேட்டுவிட்டு விடவில்லை, என்ன வேலை, எத்தனை மணிக்கு எழும்புவது, கிணற்றில் மோட்டரா வாளியா என்றெல்லாம் கேட்டார். அப்புறம் ஒரு படுக்கை விரிப்பை நிலத்தில் விரித்து, "அக்கா, இதில சட்டை வெட்டிக் காட்டுங்கோ" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, சுற்றி ஆட்கள். கத்தரிக்கோல் இல்லாமல் வெறுங்கையால் வெட்டிக் காட்டினேன். பார்த்துவிட்டு, "உங்களுக்கு மேசை ஒண்டு வேணும்" என்றார், பிறகுதான் பயிற்சி சொல்லித் தந்தார். மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுக்குக் கொண்டுவருவது, பாதத்தை ஊன்றி இடுப்பைத் தூக்கிப் பிடிப்பது, நாலு காலில் நின்று வலது கையும் இடது காலும் நீட்டுவது, குப்புறப் படுத்து முழங்கையில் ஊன்றி நெஞ்சை நிமிர்த்துவது. அவ்வளவுதான். "நோ கொஞ்சம் வந்தாலும் செய்யுங்கோ. கால் விறைச்சுக்கொண்டு கீழ இறங்கிச்செண்டா நிப்பாட்டிப்போட்டு வாங்கோ." ஒவ்வொரு முறை போகும்போதும் செய்தீர்களா என்று கேட்டு, செய்து காட்டச் சொல்லிப் பார்ப்பார். அவர் கேட்பார் என்பதற்காகவே நான் செய்தேன். பயிற்சியின் பலன் தெரிய மாதங்கள் எடுத்தது, இடையில் கூடின நாட்களும் உண்டு.

கதவு அப்படித்தான் வந்தது. பழைய வீட்டைத் திருத்தினபோது கழற்றி மாட்டுக்கொட்டிலில் சாத்தி வைத்த வேப்பம் பலகைக் கதவு. தச்சரைக் கூப்பிட்டு கீழே இரண்டு கால்சட்டம் அடித்து, மேலே இழைத்து வாங்கினேன். பூட்டு இருந்த ஓட்டை இப்போதும் இருக்கிறது, அதற்குள் தையல் சோக்கைச் செருகி வைப்பேன், தேடத் தேவையில்லை. உயரம் என் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே. நின்றுகொண்டு வெட்டுகிறேன், ஒரு காலைக் கீழ்ச்சட்டத்தில் மாறி மாறித் தூக்கி வைக்கிறேன். நான் செலவழித்த காசுக்குக் கிடைத்த பலனில் இதற்குக் கிட்ட எதுவும் வராது, தச்சர் கூலியும் ஒரு தேத்தண்ணியும்தான். மிசினில் இருக்கும்போது இன்னொரு பழக்கம்: பொபினில் நூல் முடிந்தால் எழும்ப வேண்டும். எழும்பி, கிணற்றடி வரை போய் வந்துதான் அடுத்த பொபின். மணிக்கூட்டைப் பார்த்து எழும்பு என்றால் யார் எழும்புவார்கள்?

நடை தானாக வந்தது. 2022 இல் பெற்றோல் இல்லை, ஸ்கூட்டி வீட்டில் நின்றது, கியூஆர் பங்கீடு வந்த பிறகும் கிடைக்கிற அளவு கொஞ்சம்தான். பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு நடந்தே போய் வந்தேன், நூல் வாங்கவும் நடந்தேன். மின்சாரம் பதின்மூன்று மணித்தியாலம் நின்ற நாட்களும் இருந்தன, மோட்டர் இல்லாமல் மிதி மிசின். இவ்வளவு கஷ்டத்துக்குள்ளும் அந்த வருஷக் கடைசியில் பார்த்தால் காலுக்குள் இறங்குகிற நோ வெகுவாகக் குறைந்திருந்தது. நடைதான் மாற்றியது என்று சத்தியம் பண்ண மாட்டேன், பயிற்சியும் மேசையும் கூட இருந்தன. ஆனால் 2024 இல் லான்செட் சஞ்சிகையில் வந்த அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்றைப் பெறாமகன் சொன்னான். நாரி நோவில் இருந்து தேறின 701 பேரில், நடைத் திட்டமும் விளக்கமும் கிடைத்தவர்களுக்கு நோ திரும்ப வர நடுவாக 208 நாள் எடுத்ததாம், ஒன்றும் கிடைக்காதவர்களுக்கு 112 நாள். பெற்றோல் வந்த பிறகும் நான் நடையை விடவில்லை. இப்போது ஒழுங்கையில் உள்ள இரண்டு பேரும் சேர்ந்து வருகிறார்கள், ஒருவருக்கு முழங்கால், மற்றவருக்குச் சீனி வருத்தம்.

எண்ணெய், ஒத்தணம் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். சித்தாலேப, கோடாலித் தைலம் இரண்டும் எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும், பூசினால் எரிவில் நோ கொஞ்சம் மறக்கும். நொச்சி இலை அவித்து ஒத்தணம் பிடித்தால் இறுகின தசை இளகும், சுடுதண்ணிப் பையும் அதே வேலையைத்தான் செய்கிறது. கைதடியில் சித்த வைத்தியசாலைக்கும் போனேன், எண்ணெய் பூசிப் பிடித்துவிட்டார்கள், அவசரப்படாமல் கதைத்தார்கள், அந்த நாட்களில் நல்ல நித்திரை வந்தது. பிறகு குனிந்து வெட்டினால் நோ திரும்பியது, அது வைத்தியத்தின் குற்றம் இல்லை. நான் தொடவே மாட்டேன் என்பது யாரோ ஊருக்கு ஊர் கொண்டு திரிகிற, பெயரில்லாத தூள். சிலதில் ஸ்ரீரோயிட் கலந்திருக்கும், இரண்டு நாளில் சுகம் என்றால் பயப்பட வேண்டும்.

நிலத்தில் படு என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு நிலத்தில் படுத்தால் எழும்புவதே பெரும்பாடு. நடுத்தர இறுக்கமான தும்பு மெத்தை, சரிந்து படுத்து முழங்காலுக்கு நடுவில் ஒரு தலையணை, எழும்பும்போது முதலில் பக்கவாட்டில் திரும்பிக் கையூன்றி எழும்புவது. இது போதும்.

இனி மனுசர். இந்த நோ வெளியில் தெரியாது, அதுதான் பெரிய அந்தரம். கால் முறிந்தால் மாப்போட்டிருக்கும், சனம் வழிவிடும். நாரி நோ என்றால் "எங்களுக்கும்தான் நாரி நோ" என்பார்கள். வாசலில் வந்து நிற்கிற ஒவ்வொருவரிடமும் ஒரு வைத்தியம் இருக்கும். மாமி நூல் கட்டுவித்தார். அம்மா இன்னும் ஒரு படி மேலே போய், நோ மாறினால் நான் நல்லூரில் அடியழிப்பேன் என்று நேர்ந்துவிட்டார். அவர் நேர்ந்தது எனக்காக, அடியழிக்க வேண்டியதும் நானே, வீதியைச் சுற்றி விழுந்து விழுந்து எழும்ப வேண்டும்! முருகன் பொறுப்பார் என்று இன்னும் தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறேன்.

ஆறுதல் சொன்னவர்களில் உதவினவர்கள் குறைவு. "ஏதாவது தேவை என்றால் சொல்லு" என்பார்கள், என்ன சொல்வது? பிறகு நானே குறிப்பாகக் கேட்கப் பழகினேன். தோய்த்த உடுப்பு வாளியை மகள் தூக்க வேண்டும், அரிசி மூட்டையை இவர் இறக்க வேண்டும், பிடித்த நாளில் இரவுச் சமையல் கடைச் சாப்பாடு, அதற்கு முகம் சுழிக்கக் கூடாது. கிளினிக்கில் ஒரு டொக்டர் நித்திரை எப்படி, மனம் எப்படி என்று கேட்டபோது, நான் நடிக்கிறேன் என்று நினைக்கிறாரோ என்று சுருக்கென்று இருந்தது. நித்திரை கெட்ட நாளில் நோ கூடுவதை நானே கவனித்த பிறகுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம் விளங்கியது.

இப்போது நிலைமை இதுதான்: நோ போய்விடவில்லை. மழைக்காலத்தில் காலையில் உளைவு இருக்கும், சீசனில் ஒருமுறையாவது பிடிக்கும், இரண்டு மூன்று நாளில் விடும். குளிசை எப்போதாவதுதான். வருமானம் கொஞ்சம் குறைந்தது, ஏனென்றால் தேருக்கு முதல் நாள் கொண்டுவருகிற துணியை நான் எடுப்பதில்லை, சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போய்விட்டார்கள். ஜனவரிச் சீருடைக்குத் தங்கச்சியின் மகளை வெட்ட வரச் சொல்லியிருக்கிறேன். அவள் என்னை விட நெடுவல், கதவுக்குக் கீழே நாலு கல் வைத்து உயர்த்த வேண்டும்.