அரக்கன் இல்லாத மினோட்டார் கதை

கிரேக்கப் புராணத்தைத் திருப்பிச் சொல்லும் நாவல்களை நாலைந்து வாசித்து அலுத்துப்போன பிறகுதான் ஆங்கில நாவலாசிரியர் மேரி ரெனால்ட் 1958ல் எழுதிய ‘தி கிங் மஸ்ட் டை’யைக் கையில் எடுத்தேன். இதை முதலிலேயே வாசித்திருந்தால் மற்றதற்கெல்லாம் போயிருக்க மாட்டேனோ என்னவோ.

தெரிந்த கதைதான். மினோட்டார் என்ற காளைத்தலை அரக்கனுக்கு இரையாக ஏதென்ஸ் கிரீட் தீவுக்குக் கப்பமாக அனுப்பும் ஏழு பையன்கள், ஏழு பெண்கள், அவர்களோடு போகும் ஏதென்ஸ் இளவரசன் தீசியஸ், சிக்கலறையிலிருந்து வெளியே வர கிரீட் இளவரசி அரியாட்னே தரும் நூல், திரும்பும்போது கப்பலில் மாற்றாமல் விட்ட கறுப்புப் பாய். ரெனால்ட் இதிலிருந்து அரக்கனை எடுத்துவிடுகிறார். மினோட்டார் என்பது இங்கே பட்டத்துக்கு வரப்போகிறவனின் பதவிப் பெயர், ஆள் ஆஸ்டீரியன் என்ற கனத்த உடம்புக்காரன், அவ்வளவுதான். ஆனால் சாமியை மட்டும் எடுக்கவில்லை பாருங்கள், அங்கேதான் இந்த நாவல் நிற்கிறது. நிலநடுக்கம் வருமுன்னே தீசியஸின் உடம்புக்குத் தெரிந்துவிடும். கடலுக்கும் நிலநடுக்கத்துக்கும் சாமியான பொசைடன் கொடுத்த வரமா, நரம்புக் கோளாறா? சொல்வது தீசியஸே என்பதால் அவனுக்குச் சந்தேகமே இல்லை, நாமும் கொஞ்ச நேரத்தில் கேட்பதை விட்டுவிடுகிறோம்.

தொடக்கத்தில் ஒரு குதிரை வரும். சின்னப் பையனாக அவன் ஆசை ஆசையாகப் பார்த்த குதிரையைப் பொசைடனுக்குப் பலி கொடுத்துவிடுகிறார்கள். அழுது ஓய்ந்தவனிடம் தாத்தா பித்தியஸ் பேசுகிறார்: ரத்தம் முக்கியமில்லை, பலியாகிறவன் சம்மதிப்பதுதான் முக்கியம், ராஜாவுக்கும் அதுதான் விதி. கடைசிப் பக்கம் வரை கதை இந்த ஒரு பேச்சின் மேல்தான் நடக்கிறது.

கிரீட்டின் நாசஸ் அரண்மனைச் சுவரோவியத்தில் ஒருவன் காளையின் முதுகுக்கு மேல் தலைகீழாக நிற்பானே, ஹெராக்லியான் அருங்காட்சியகத்தில் இருக்கிறதே, அதிலிருந்து ஒரு முழு உலகத்தையே கட்டியிருக்கிறார். காளையை அடக்குவதல்ல, தாண்டுவது. கொம்பைப் பிடித்து எம்பி, முதுகில் ஒரு கரணம், கீழே இறங்கும்போது பிடித்துக்கொள்ள ஒருவர், யாராவது தடுமாறினால் மாட்டைத் தன் பக்கம் இழுக்க மற்றவர்கள். ‘கொக்குகள்’ என்று பெயர் வைத்துக்கொண்டு, காளை தாண்ட விடப்பட்ட இந்தக் கப்பப் பிள்ளைகள் ஒருவர் உயிரை ஒருவர் காக்கும் பகுதியை நான் ஒரே இரவில் முடித்தேன்.

குறை இல்லாமல் இல்லை. தெரா தீவின் எரிமலை வெடிப்பையும் நாசஸின் வீழ்ச்சியையும் கிட்டத்தட்ட ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார், உண்மையில் எரிமலை வெடித்து நூறு வருடத்துக்கு மேல் அந்த அரண்மனை நின்றது. நாசஸில் கிடைத்த லீனியர் பி என்ற பழைய எழுத்துப் பலகைகளில் இருப்பது கிரேக்க மொழிதான் என்று வென்ட்ரிஸ் கண்டுபிடித்தது 1952ல், அதாவது கடைசிக் காலத்தில் அங்கே ஆண்டவர்களே கிரேக்கர்கள்தான். சரி, நாவலுக்கு இது மன்னிக்கலாம். எனக்கு உறுத்தியது வேறு: தாய்த்தெய்வத்தைக் கும்பிடும் பெண்கள் அதிகாரத்தில் இருந்தாலே ஆபத்து என்பது போல ஒரு தொனி ஓடுகிறது. தீசியஸின் திமிர் அது, ஆசிரியருடையது அல்ல என்று வாதாடலாம்தான், ஆனால் நாக்சோஸ் தீவில் அரியாட்னேயை விட்டுவிட்டு வர அவருக்குக் கிடைத்த காரணம் அவனுக்கு ரொம்பவே வசதியாக இருக்கிறது.

தொடர்ச்சி 1962ல் வந்தது, ‘தி புல் ஃப்ரம் தி ஸீ’. ஆரம்பித்துவிட்டேன், கப்பல் இப்போதுதான் துறைமுகத்துக்குள் நுழைகிறது.