நான்கு மாதம் ஆடிப் பார்த்த ரக்பி பந்து: உடற்கல்வி ஆசிரியை ஒருவரின் மதிப்பீடு

பிப்ரவரி இறுதியில், காட்பாடிப் பக்கத்தில் நான் பணிபுரியும் பள்ளியின் மாணவியருக்காக ஐந்தாம் அளவுப் பயிற்சிப் பந்துகள் இரண்டை வாங்கினேன். இரண்டுக்கும் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்தேன். வேலூர்க் கடைகளில் கிரிக்கெட் மட்டையும் கைப்பந்தும் குவிந்து கிடக்கும். ரக்பி பந்தைச் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும். எனக்குப் பந்து கைக்கு வந்து சேரப் பதினொரு நாள் ஆயிற்று. நான்கு மாதம் ஆடிய பிறகு எழுதுகிறேன். வந்த அன்றே எழுதியிருந்தால் இதைவிட அதிகமாகப் புகழ்ந்திருப்பேன்.

முதலில் அளவு. விதிப்படி பந்தின் நீளவாட்டுச் சுற்றளவு 74 முதல் 77 சென்டிமீட்டர் வரையிலும், குறுக்குச் சுற்றளவு 58 முதல் 62 சென்டிமீட்டர் வரையிலும், எடை 410 முதல் 460 கிராம் வரையிலும் இருக்க வேண்டும். தையல்காரரின் நாடாவால் அளந்ததில் இரண்டு பந்துகளும் இந்த வரம்புக்குள் அடங்கின. தெருமுனை மளிகைக்கடையின் மின்தராசில் ஒன்று 438 கிராமும் மற்றொன்று 446 கிராமும் காட்டின. அந்தக் கடைக்காரர் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உருளாதே டீச்சர், இதை வைத்து எப்படி விளையாடுவீர்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இது தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று ஆடுபவருக்கே தெரியாது. ஆகையால் தரையில் விழாமல் கைக்குக் கை மாற்றுவதே ஆட்டத்தின் பாதி.

என் மாணவியரில் பெரும்பாலோர் கபடியிலிருந்தும் எறிபந்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு ஓடத் தெரியும், எதிராளியின் இடுப்பைக் கட்டிப் பிடிக்கத் தெரியும், விழுந்தால் எழத் தெரியும். இந்த நீள்வட்டப் பந்து மட்டுமே புதிது. வேறு ஆட்டத்திலிருந்து வந்தவர்கள் இதில் எவ்வளவு தூரம் போக முடியும் என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் நியூசிலாந்தின் போர்ஷியா உட்மனைச் சொல்வேன். அவர் 1991இல் கைக்கோஹேயில் பிறந்தவர். அவருடைய தந்தை கவேனாவும் தந்தையின் சகோதரர் பிரெட்டும் நியூசிலாந்தின் ஆண்கள் தேசிய ரக்பி அணியான ஆல் பிளாக்ஸில் இருந்தவர்கள். ஆயினும் போர்ஷியா முதலில் பெயர் பெற்றது நெட்பாலில். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடவே கூடாத, மூன்று நொடிக்குள் கொடுத்துவிட வேண்டிய ஆட்டம் அது. 2016 ஒலிம்பிக்கை மனத்தில் வைத்து நியூசிலாந்து ரக்பி அமைப்பு 2012இல் திறமையாளர்களைத் தேடியபோது அவர் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி வகையான செவன்ஸுக்கு வந்தார். மறு ஆண்டே மாஸ்கோவில் உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தார். 2015இல் உலகின் சிறந்த செவன்ஸ் வீராங்கனை என்ற விருதையும் பெற்றார். நம் நாட்டிலும் பீகாரின் ஸ்வீட்டி குமாரி தடகளத்திலிருந்து ரக்பிக்கு வந்தவர்தான். ஓட்டமும் கைவேகமும் முன்பே இருந்தால், மீதி பந்தோடு பழகுவதுதான். அதனால்தான் பந்தின் தரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

பிடிமானத்தில் இந்தப் பந்து நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. மேற்பரப்பு முழுவதும் வெண்டைக்காய்த் தோல்போலச் சிறு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. சிறிய கை உடைய பெண்ணும் விரல் நுனிகளால் தையலோரத்தைப் பற்றிச் சுழற்றி வீச முடிகிறது. மூன்றாவது வாரத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பத்து மீட்டருக்கு மேல் சுழல்பாஸ் கொடுத்தாள். பந்து ஆடாமல் அசையாமல் அம்புபோல் போய் மறு கையில் அமர்ந்தது. பஞ்சுபோல் மிதக்கும் மலிவான ரப்பர்ப் பந்துகளில் இது நடக்காது. ஏழு ஏழு நிமிடங்களாக இரண்டு பாதிகள், பதினைந்து பேர் ஆடும் அதே அகன்ற மைதானத்தில் பக்கத்துக்கு ஏழு பேர் என்று அமைந்த செவன்ஸ் ஆட்டத்தில், ஓரத்தில் காத்திருக்கும் வேகக்காரிக்குப் பந்து போய்ச் சேருவதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. உலக செவன்ஸ் தொடரில் 200 ட்ரைகளை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்திப் புள்ளி எடுப்பது ட்ரை) தொட்ட முதல் பெண்ணான உட்மன் அப்படி ஓரத்தில் நின்று வாங்கி ஓடியவர். பெண்களுக்கும் ஆண்களுக்கும் பந்து ஒரே அளவுதான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். "பெண்களுக்கு நான்காம் அளவு போதும்" என்று விற்பனையாளர் சொன்னால் கேட்க வேண்டாம், அது சிறுவர் சிறுமியருக்கானது.

வியர்வை படிந்த கையில் பிடிமானம் பாதியாகக் குறைகிறது என்பது முதல் குறை. வேலூரை வேடிக்கையாக வெயிலூர் என்பார்கள். காலை ஏழரை மணிக்கே உள்ளங்கை நனைந்துவிடும். போதாததற்கு, மைதானத்துச் செம்மண் அந்தச் சிறு முனைகளுக்கிடையே அடைந்துகொண்டு பந்தை வழுவழுப்பாக்கிவிடுகிறது. பழைய பல்துலக்கியால் சோப்புநீர் தொட்டுத் தேய்த்து நிழலில் உலர்த்தினால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. வாரம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். வழுக்கிய பந்தை முன்புறமாகத் தட்டிவிட்டால் அது நாக்-ஆன். தற்செயலாக நடந்தால் ஸ்க்ரம் (இரு அணியினரும் பிணைந்து நின்று பந்துக்காகத் தள்ளி ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குவது), எதிரணியின் பாஸை வேண்டுமென்றே தட்டினால் மஞ்சள் அட்டைகூட வரலாம். 2016 ரியோ இறுதியாட்டத்தில் உட்மனுக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது வகை: மஞ்சள் அட்டை பெற்று இரண்டு நிமிடம் வெளியே உட்கார்ந்தார், ஆஸ்திரேலியா 24-17 என்று வென்றது. மைதானத்திலேயே அவர் அழுததை என் மாணவியருக்குச் சொல்லியிருக்கிறேன். பயமுறுத்துவதற்காக அன்று, கையை எங்கே நீட்டலாம், எங்கே மடக்கிக்கொள்ள வேண்டும் என்பதைப் பதியவைப்பதற்காக.

காற்றைப் பொறுத்தவரை, 9.5 முதல் 10 பிஎஸ்ஐ அழுத்தம் வரை நிரப்பி ஒரு வாரம் விட்டுப் பார்த்தேன்; முதல் பந்தில் குறைவே தெரியவில்லை. சைக்கிள் கடை கம்ப்ரசரில் நிரப்பாதீர்கள், கைப்பம்பு போதும். ஊசியில் ஒரு சொட்டு கிளிசரின் தடவாமல் வால்வுக்குள் செலுத்தவும் வேண்டாம். கோடையில் மதியம் பந்தை மைதானத்தில் விட்டுவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறித் தையல் இழுபடுகிறது.

இரண்டாவது பந்தின் கதை அப்படித்தான் ஆயிற்று என்று பந்தை விற்ற கடைக்காரர் வாதிட்டார். மே முதல் வாரத்தில் அதன் வால்வுக்கு அருகே இரண்டு அங்குல நீளம் தையல் விட்டு, உள்ளே காற்றுப்பையான பிளாடர் கறுப்பாகத் தெரிந்தது. என் பந்துகள் ஆடாத நேரமெல்லாம் அறைக்குள் அலமாரியில் இருந்தவை. அந்த இடத்தில் நூல் முடிச்சே சரியாக விழவில்லை என்பதைப் பார்த்த எவரும் சொல்வார்கள். ரசீதைக் காட்டியும், கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டும், இரண்டு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார். ஊரில் வேறு இடத்தில் கிடைக்காது என்ற தைரியம்.

எங்கள் தெருவில் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். காற்றை முழுதும் இறக்கச் சொன்னார். பிளாடரை விரலால் உள்ளே ஒதுக்கி, இடையில் ஒரு தேய்ந்த கரண்டியைச் செருகிக்கொண்டார்; நைலான் நூலில் மெழுகை இழுத்து, இரண்டு ஊசிகளை எதிரெதிராகப் பழைய துளைகள் வழியாகவே கோத்து, ஒவ்வொரு தையலுக்கும் நூலைச் சுண்டி இறுக்கினார். புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. "தோல் என்றால் விட்டுக்கொடுக்கும் டீச்சரம்மா, இது ரப்பர், கூட ஒரு ஓட்டை போட்டால் அங்கேயிருந்து கிழியும்," என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். பழுது பார்த்த அந்த ஓரம் இப்போது மற்ற ஓரங்களைவிட உறுதியாக இருக்கிறது. வீசும்போது பாதையில் மாற்றமும் தெரியவில்லை.

உட்மனுக்கும் ஒரு தையல் விட்ட காலம் உண்டு. 2018இல் குதிகால் தசைநார் அறுந்து நீண்ட காலம் ஆட முடியாமல் இருந்தார்; திரும்பி வந்து 2021இல் டோக்கியோவில் பிரான்சை 26-12 என்றும், 2024இல் பாரிஸில் கனடாவை 19-12 என்றும் வென்ற அணிகளில் தங்கம் பெற்று, அத்தோடு செவன்ஸிலிருந்து ஓய்வு பெற்றார். என் மாணவியர் தைத்த பந்துக்குப் "போர்ஷியா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். உவமை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் நான் தடுக்கவில்லை.

பள்ளி அணி தொடங்குபவர்கள் இந்தப் பந்தை வாங்கலாம். பிடிமானத்துக்கும் எடைக்கும் கொடுத்த விலை தகும். வாங்கும்போது கடையிலேயே காற்றடித்து, வால்வைச் சுற்றியுள்ள தையலை நகத்தால் நெருடிப் பார்த்து, மாற்றித் தருவதற்கான காலத்தை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு இன்னும் நான்கு பந்துகள் தேவைப்படுகின்றன. இதே பந்தைத்தான் வாங்கப்போகிறேன், வேறு கடையில்.